எகானமிஸ்ட் இதழில் எழுதியவர் பெயர் ஏன் வருவதில்லை?

தி எகானமிஸ்ட், லண்டனிலிருந்து வரும் பொருளாதார, அரசியல் வார இதழ். ஜேம்ஸ் வில்சன் 1843-ல் தொடங்கினார் (1860-ல் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரி கொண்டுவந்த அதே வில்சன்தான்!). இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு பிரிட்டனில் ரொட்டி விலையை ஏற்றி வைத்திருந்த சட்டங்களை எதிர்க்கத்தான் இதழே பிறந்தது, 1846-ல் அந்தச் சட்டங்கள் ரத்தாயின. பெயர் போடாததற்குக் காரணம், எழுதுபவரைவிட எழுதப்படுவதே முக்கியம், இதழ் ஒரே குரலில் பேச வேண்டும் என்ற கொள்கை. மெஸ்ஸில் சாம்பார் நன்றாக இருந்தால் சமையல்காரர் பெயரையா சொல்கிறோம், மெஸ் பெயரைத்தானே, அது மாதிரி. இந்த இதழில் 1986-ல் வந்த பிக் மேக் (மெக்டொனால்ட்ஸ் கடைகளில் விற்கும் பர்கர்) குறியீடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒரே பர்கரின் விலையை நாடு நாடாக ஒப்பிட்டு நாணய மதிப்பைக் கணிக்கிறார்கள். அப்புறம், பெயர் இல்லாததால் நடுநிலை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. தடையற்ற வணிகத்தை ஆதரிப்பதை அந்த இதழ் வெளிப்படையாகவே சொல்கிறது.