மாடித்தோட்டத்துக்கு வரும் ஒரு பூச்சியைப் பார்த்ததும் அது எந்த வரிசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வரிசை என்பது வண்டு, ஈ, நாவாய்ப்பூச்சி என்பது போன்ற பெரும்பிரிவு. அதைக் கண்டுபிடிக்க நிறத்தை விட்டுவிடுங்கள், இறக்கையைப் பாருங்கள். 1758இல் லின்னேயஸ் பூச்சிகளை வரிசைகளாகப் பிரித்தபோதும் இறக்கையைத்தான் அடிப்படையாக வைத்தார். மாடித்தோட்டத்துக்கு வரும் பூச்சிகளை வைத்துக் கேட்டிருப்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

வெண்டைச் செடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். ஒன்று பொறிவண்டு, இன்னொன்று சிவப்புப் பருத்திப்பூச்சி. பொறிவண்டின் முன்னிறக்கை இரண்டும் ஓடாகக் கெட்டிப்பட்டு, நடுமுதுகில் ஒரே நேர்கோட்டில் சேரும். அந்தக் கோடு தெரிந்தால் பெரும்பாலும் வண்டு வரிசைதான். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் மின்மினியும் இதில் சேர்ந்தவையே. பருத்திப்பூச்சிக்கோ இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படிந்து முதுகில் பெருக்கல் குறி போட்டிருக்கும். இறக்கையின் மேல்பாதி தடிப்பு, நுனி வெறும் சவ்வு. மெல்லப் புரட்டிப் பாருங்கள், ஊசி போன்ற உறிஞ்சுகுழல் கால்களுக்கு நடுவே மடங்கிக் கிடக்கும். இது நாவாய்ப்பூச்சி வரிசை. அசுவினி, மாவுப்பூச்சி, மூட்டைப்பூச்சி எல்லாம் இதே வரிசைதான்.

வரிசை தெரிந்ததும் நல்லது கெட்டது தெரிந்துவிடாது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும், கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும் ஒரே குடும்பம். ஆனால் வாய் எப்படிப்பட்டது, கடிப்பதா உறிஞ்சுவதா என்பது தெரிந்துவிடும். செடியில் என்ன சேதம் தேட வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

அடுத்து, பலரும் தேனீ என்று நினைக்கும் சிர்பிட் ஈ. மஞ்சள் கறுப்புப் பட்டையோடு கொத்தமல்லிப் பூவின் முன் அந்தரத்தில் அசையாமல் நிற்கும். ஈ வரிசைக்கு இறக்கை இரண்டே. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், பறக்கும்போது நிலைதடுமாறாமல் காப்பது அதுதான். தேனீக்கு நான்கு இறக்கை உண்டு. ஆனால் முன்னும் பின்னும் நுண்ணிய கொக்கிகளால் கோத்திருப்பதால் எண்ணுவது கஷ்டம். அதனால் நான் உணர்கொம்பைத்தான் முதலில் பார்ப்பேன்: தேனீக்கு முழங்கை போல் மடங்கி நீண்டிருக்கும், சிர்பிட் ஈக்குக் கட்டைக் கொம்பு, முகமெல்லாம் கண். இதன் புழுக்களும் அசுவினியைத் தின்பவை. தயவுசெய்து மருந்தடித்துவிடாதீர்கள்.

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் எளிது, தொட்டால் விரலில் செதில் ஒட்டும். வெட்டுக்கிளிக்குத் தாவும் பின்னங்கால். தட்டானுக்குப் பெரிய கண், இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குச் சின்னக் கொம்பு. தட்டான் போலவே இருந்து, நுனி தடித்த நீளக் கொம்பு இருந்தால் அது மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழிநரிப் புழுவின் வளர்ந்த வடிவம், வேறு வரிசை.

மழைக்குப் பின் விளக்கைச் சுற்றுவது ஈசலா, இறக்கை முளைத்த எறும்பா? நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்கவில்லை என்றால் ஈசல், அதாவது இறக்கை முளைத்த கறையான். கறையானை இப்போது கரப்பான் வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். எறும்புக்கு முன்னிறக்கை நீளம், இடுப்பு ஒடுக்கம். தேனீ, குளவியோடு ஒரே வரிசை.

புழுப் பருவத்தில் இறக்கையே இருக்காது, அங்கே காலை எண்ணுங்கள். முன்னாலுள்ள மூன்று ஜோடியை விட்டு, வயிற்றுப் பக்கம் சதைக்கால் அதிகபட்சம் ஐந்து ஜோடி என்றால் பொதுவாக அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழு. முள்ளங்கி இலையில் எட்டு ஜோடியோடு ஒரு கரும்பச்சைப் புழு இருந்தால் அது குளவி வரிசையைச் சேர்ந்த ரம்ப ஈயின் புழு. அந்துப்பூச்சிப் புழுவுக்கென்று கடையில் விற்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாக் கரைசல் அதனிடம் பலிக்காது. கையால் பொறுக்குவதே வழி.