செம்மஞ்சள் எச்சரிக்கை வந்தால் லயத்தை விட்டுக் கிளம்ப வேண்டுமா?

பதுளை மாவட்டத்துப் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு வாசகி எழுதியிருக்கிறார். லயத்துக்குப் பின்னால் உள்ள மண்திட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. மழை பிடித்தால் போனில் மஞ்சள், செம்மஞ்சள் என்று மண்சரிவு எச்சரிக்கை வருகிறது. மாமியாரால் நடக்க முடியாது. மாமாவோ, "ரெண்டு தடவை ஸ்கூலுக்குப் போய் சும்மாதானே திரும்பி வந்தோம்" என்று நகர மறுக்கிறார். எப்போது கிளம்புவது என்று கேட்கிறார்.

பின்னால் வெடிப்பு இருக்கும் வீட்டுக்கு என் பதில் ஒன்றுதான். செம்மஞ்சளிலேயே கிளம்புங்கள், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். அடுத்த கட்டமான சிவப்பு நடுச்சாமத்தில் வந்தால், கரண்ட் இல்லாத வழுக்கும் படிக்கட்டில் மாமியாரை எப்படி இறக்குவீர்கள்?

இந்த நிறங்களைத் தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் சிவப்புதான். ஆனால் எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவுக்குப் பொதுவாக வருகிறது. நம் மலையில் மழை அப்படியா பெய்கிறது? மேல் டிவிசனில் ஊற்றும்போது கீழ் டிவிசனில் துணி காயும். அதனால் உங்கள் லயத்து மழையை நீங்களே அளந்து பாருங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு டின்னைக் கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து எழுதிவிட்டுக் கொட்டுங்கள். பத்து சென்டிமீற்றர் தண்ணீர் நின்றால் 100 மில்லிமீற்றர் பெய்திருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

மலையும் முன்கூட்டியே சொல்லும். பீலியில், அதாவது மலை ஊற்றுக் குழாயில், வரும் தண்ணீர் திடீரென்று கலங்கும், அல்லது நின்றுபோகும். புது இடத்தில் ஊற்றுக் கிளம்பும். மரமும் லைட் போஸ்டும் சாயும், நேற்று வரை சாத்திய கதவு இன்று இறுகும். கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் குறைந்தால் மிகவும் பயப்பட வேண்டும். மேலே எங்கோ மண் அடைத்திருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்கும் காத்திருக்காமல் வெளியேறுங்கள். ஓடையோரமாகவோ பள்ளத்து வழியாகவோ போகாதீர்கள். மண் வரக்கூடிய பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகுங்கள்.

மாமாவின் சலிப்பு எனக்குப் புரிகிறது. குளிரில், பாயில், நாலு குடும்பம் ஒரே வகுப்பறையில் படுப்பது லேசான காரியமில்லை. ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள், அப்போது மலை விழவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் விழுந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. சும்மா திரும்பி வந்த அந்த இரண்டு இரவுகளும் வீண் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

மாமியாருக்கான ஏற்பாட்டை மழைக்கு முன்பே செய்துவிடுங்கள். கைப்பிடி வைத்த பலமான கதிரையில் இரண்டு கம்புகளைக் கட்டினால் நாலு பேர் தூக்கலாம். அந்த நாலு பேர் யார் என்று இன்றே பேசி, வெயில் நாளில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கிளினிக் கொப்பி, மருந்து, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், டோர்ச் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கதவடியில் தொங்கட்டும்.

சரி, வெடிப்பை என்ன செய்வது? மழை இல்லாத நாளில் களிமண்ணால் இறுக்கி அடையுங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் அதற்குள் இறங்காதபடி கானை வெட்டித் திருப்புங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைத்தூரத்தைத் திகதியோடு குறித்து வாருங்கள். தூரம் கூடினால் மண் நகர்கிறது. அடைத்துவிட்டோம் என்று தைரியமாகப் படுத்துவிட வேண்டாம். மழை விட்டவுடனே திரும்பவும் வேண்டாம், ஊறிய மண் பிறகும் சரியும்.

கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, இடத்தைப் பரிசோதிக்கும்படி கேளுங்கள். முளைக் கணக்கையும் மழைக் கணக்கையும் கடிதத்தோடு இணையுங்கள், ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.