தாடைக் கட்டியும் புதுப் பல்லும்

கேள்வி: தாடையில் வரும் அமெலோபிளாஸ்டோமா கட்டிக்கும், பல்லை மீண்டும் முளைக்கவைக்கும் ஆராய்ச்சிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பல் எனாமலை உருவாக்கும் செல்களின் வழிவந்த கட்டி என்பதால், பல் வளர்ச்சிக்கான சமிக்ஞைகள் கட்டுப்பாடு இழந்தால் என்ன நேரும் என்பதை அது காட்டுகிறது. இக்கட்டிகள் பலவற்றில், குறிப்பாகக் கீழ்த்தாடையில் வருபவற்றில், செல் வளர்ச்சியை இயக்கும் பிராஃப் (BRAF) மரபணுவில் வி600ஈ (V600E) எனப்படும் மாற்றம் இருப்பது 2014இல் தெரியவந்தது. அதன்பின், அறுவை சிகிச்சையையே நம்பியிருந்த மருத்துவர்கள், அம்மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளையும் சோதிக்கத் தொடங்கினர்.

மறுபுறம், பல் வளர்ச்சிக்குத் தடைபோடும் யுசாக்-1 (USAG-1) புரதத்தை, அதைப் பற்றிக்கொண்டு செயலிழக்கவைக்கும் ஆன்டிபாடி மருந்தால் முடக்கி, எலிகளில் பல் முளைக்கச் செய்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டனர். 2024இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் பாதுகாப்புச் சோதனை தொடங்கியது. வளர்ச்சித் தடையை நீக்கும் எந்த மருந்துக்கும் நீண்ட காலக் கண்காணிப்பு தேவை என்பதே என் கருத்து. இப்போதைக்கு, இழந்த பல்லுக்குப் பல்செட், பிரிட்ஜ், தாடை எலும்பில் பொருத்தும் இம்ப்ளான்ட் போன்றவைதான் வழி.