ஏஞ்சல் ஜோடியில் எது ஆண், எது பெண்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். கடையில் ஜோடி என்று வாங்கிய ஏஞ்சல் மீன்கள் இரண்டு முறை முட்டையிட்டன. இரண்டு முறையும் மறுநாளே எல்லாம் வெளுத்துவிட்டன. இரண்டுமே பெண்ணா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இருக்கலாம். ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் சேர்ந்துகொண்டு, இடம் பிடித்து, சுத்தம் செய்து, முட்டையும் இடும். பார்த்தால் அசல் ஜோடிதான். ஆனால் ஆண் இல்லாததால் முட்டை கருவுறாமல் வெளுத்துவிடும். நெற்றிப் புடைப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். நன்றாகத் தின்று வளர்ந்த பெண்ணுக்கும் நெற்றி புடைக்கும்.

முட்டையிடும் முன்பு ஆசனவாய்க்குப் பின்னால் நீளும் சிறு குழாயைத்தான் நம்பலாம். பெண்ணுக்கு அது தடிப்பாக, நுனி மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெலிசாக, கூராக இருக்கும். மற்ற நாட்களில் உள்ளே அடங்கிவிடும். ஆகவே மீன்கள் இலையையோ ஃபில்டர் குழாயையோ வாயால் துடைக்க ஆரம்பித்ததும், பக்கவாட்டில் டார்ச் அடித்து, செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முட்டையிடும்போது ஒன்று வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும், மற்றது அதே வரிசைமேல் வயிறு உரசிப் பின்தொடரும். பின்தொடர்ந்த மீனும் முட்டை ஒட்டினால் சந்தேகமே வேண்டாம், இரண்டும் பெண்.

ஆண் இருந்தும் முட்டை வெளுக்கலாம். மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது கிடைக்கும் பூமி நம்முடையது. அதனால் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். அதில் ஏஞ்சல் முட்டை சரியாகக் கருவுறாது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். அதிகமாக இருந்தால் ஒரு பங்கு போர் தண்ணீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. கலந்து, வாரம் 20 சதவீதம் வீதம் மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் மீன் சுருண்டுவிடும். வெப்பம் 27-28 டிகிரி. ஏற்காட்டுக்காரர்களுக்கு ஹீட்டர் கட்டாயம். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்து பூஞ்சையைத் தடுக்கும், கருவுறாத முட்டையைப் பிழைக்க வைக்காது.

ஏஞ்சல் சேர்ந்த மீன் குடும்பத்துக்கு சிக்லிட் என்று பெயர். எல்லா சிக்லிடும் இவ்வளவு படுத்தாது. கான்விக்டில் சிறிய பெண்ணுக்குத்தான் வயிற்றில் ஆரஞ்சுத் திட்டு. ஆரட்டஸில் பெண் மஞ்சள், வளர்ந்த ஆண் கருப்பு; குஞ்சில் எல்லாமே மஞ்சள் என்பதால் ஏமாறுவார்கள். ஆஸ்கர் ஏஞ்சலைப் போலத்தான், குழாய் வெளியே வந்தால்தான் ஆண், பெண் தெரியும்.

கண் பழக ஒரு வழி: ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். மீன் கடையில் வயிறு கீறாத, நல்ல வளர்ந்த நாலைந்து வாங்கி, ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் மொட்டில் ஒரு சொட்டு மை தடவித் துடையுங்கள். ஆணுக்கு அதன் நுனியில் ஒரே துவாரம். பெண்ணுக்கு அதற்கும் ஆசனவாய்க்கும் நடுவே குறுக்காக இன்னொரு பிளவில் மை தங்கி நிற்கும்.

உங்களுடையவை இரண்டும் பெண் என்று உறுதியானால், ஒரு ஆணை வாங்கி நேரே விடாதீர்கள், ஒன்றையொன்று அடித்தே கொன்றுவிடும். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு வாரம் பழக விடுங்கள். தடுப்பின் இரு பக்கமும் நின்று சண்டை போடாமல் ஒரே இடத்தைத் துடைக்க ஆரம்பித்தால் எடுத்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஆறு குஞ்சு வாங்கி, அவையே ஜோடி சேரும்வரை விடுவது மேல்.