பதில்: நிலைபேறான அபிவிருத்தி வரைவிலக்கணத்துக்கு ஏன் பாதிப் புள்ளி?

தம்பி, "சூழலைப் பாதுகாத்துக்கொண்டு அபிவிருத்தி செய்தல் என்று எழுதினேன், மிஸ் பாதிப் புள்ளிதான் போட்டா" என்று கேட்டிருந்தீங்கள். மிஸ் செய்தது சரி. சூழல் அதில் ஒரு பங்குதான்.

1987இல் புருண்ட்லாண்ட் ஆணைக்குழு (சூழலும் அபிவிருத்தியும் பற்றி ஆராய ஐ.நா. அமைத்த குழு) சொன்னதை எழுதுங்கோ: வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றும் ஆற்றலைப் பாதிக்காமல், இன்றைய தேவைகளை நிறைவேற்றும் அபிவிருத்தி. பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அதன் தொடர்ச்சிதான் முக்கியம். 'தேவை' என்று அவர்கள் சொன்னது முதலில் ஏழைகளின் அடிப்படைத் தேவையை, அதற்கே முன்னுரிமை. அடுத்தது 'வரையறை': சூழல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு நமது தொழினுட்பமும் சமூக அமைப்பும் இடும் எல்லை.

உதாரணத்துக்கு அமேசன் காடு வரைக்கும் போகவேண்டாம். கொழும்பின் சதுப்புநிலங்கள் மழைவெள்ளத்தைத் தேக்கி வைக்கின்றன; 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் நகருக்குக் கிடைத்தது. அவற்றை நிரப்பினால் இன்று காணி கிடைக்கும். நாளை வெள்ளம் ஏறுவது தாழ்நிலத்துச் சின்ன வீடுகளுக்குள். 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து மூடியது யாருடைய வீடுகளை? யோசித்துப் பாருங்கோ, ஏழைகளை ஏன் முதலில் வைத்தார்கள் என்று விளங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இன்னொன்று. 1997இல் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா அணை வழக்கில், சர்வதேச நீதிமன்றத்தில் இருந்த நம் நீதியரசர் வீரமந்திரி, இலங்கையின் பழைய குளங்களையே இந்தக் கருத்துக்குச் சான்றாகத் தன் தனிக்கருத்தில் எழுதினார். அதையும் இரண்டு வரி சேருங்கோ.