கணுக்காலில் பிளேட் வைத்தாயிற்று. இரவு வலிக்கு என்ன வழி?

கேள்வி: எனக்கு 47 வயது. திண்டுக்கல் பக்கம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். துவைக்கிற கல்லருகே பாசி வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது. வெளிப்பக்கம் பிளேட், உள்பக்கம் இரண்டு ஸ்குரூ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இன்று 18ஆம் நாள். தையல் பிரித்து, மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். பகலில் சமாளிக்கிறேன், இரவு பத்து மணிக்கு மேல் வலி தாங்க முடியவில்லை. காலைத் தொங்கப்போட்டால் விரல்கள் கத்தரிப்பூ நிறமாகிவிடுகின்றன. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு எண்ணெய்க் கட்டுப் போடலாம் என்கிறார் நாத்தனார். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘என்.டபிள்யூ.பி. 6 வாரம்’ என்று எழுதியிருக்கிறது. என்னவென்று யாரும் சொல்லவில்லை. மெஷின் எப்போது மிதிக்கலாம்?

எலும்பு முறிவு சிகிச்சை நிபுணரின் பதில்:

முதலில் அந்தச் சீட்டு. அடிபட்ட காலை ஊன்றக் கூடாது, உடம்பின் எடை அதில் துளியும் இறங்கக் கூடாது என்பதுதான் அந்த மூன்று எழுத்துக்குப் பொருள். ஆறு வாரம் இதைக் கடைப்பிடிக்கப் போகிறவர் நீங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இதைப் பார்க்கிறேன், இன்னும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றரை மணி நேர ஆபரேஷனுக்கு எட்டுப் பேர் சுற்றி நிற்கிறோம். அதன் பிறகு வரும் மூன்று மாதங்களுக்கு ஒருவரும் இல்லை. ஆறு வாரம் என்பதை ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள், மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து அல்ல. உங்களுக்கு இன்னும் மூன்றரை வாரம் மிச்சம் இருக்கிறது.

இனி வலி. மூன்றாவது வாரத்தில் இரவு வலி வருவது எலும்பு நகர்ந்துவிட்டதற்கான அடையாளம் அல்ல. பகல் முழுதும் கால் கீழே இருந்திருக்கிறது. நடக்கும்போது ரத்தத்தை மேலே தள்ளுகிற கெண்டைக்கால் தசை இப்போது மாவுக்கட்டுக்குள் சும்மா கிடக்கிறது. ரத்தமும் நீரும் பாதத்திலேயே தேங்குகின்றன. கட்டுக்குள் வீங்க இடமில்லை, அதனால் மாலைக்கு மேல் விண்விண்ணென்று தெறிக்கிறது. விரல்கள் கத்தரிப்பூ நிறமாவதும் இதனால்தான். காலைத் தூக்கி வைத்தால் சில நிமிடங்களில் பழைய நிறம் திரும்பவேண்டும். திரும்பினால் பயப்பட ஒன்றுமில்லை.

காலைத் தூக்கி வைப்பது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் நீட்டுவது அல்ல. மல்லாந்து படுத்து, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கவேண்டும். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையைத் திணித்தால் பாதம் மறுபடி கீழேதான் தொங்கும். இரண்டு கெட்டியான தலையணை, அல்லது மடித்த ஜமுக்காளம், கெண்டைக்கால் முழுவதையும் தாங்கட்டும். குதிகால் மட்டும் விளிம்பைத் தாண்டி எதிலும் படாமல் நிற்கட்டும். குதிகால் நாள் முழுதும் அழுந்திக் கிடந்தால் அங்கே புண் வந்துவிடும். பகலில் ஒரு மணி நேரத்தில் முக்கால் பங்கு கால் இப்படித்தான் இருக்கவேண்டும். விழித்திருக்கும்போதெல்லாம் விரல்களை மடக்கி நீட்டுங்கள், முழங்காலை மடக்காமல் முழுக்காலையும் தூக்கி இறக்குங்கள்.

மாத்திரை. வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டால் அது வேலை செய்ய முக்கால் மணி நேரமாவது ஆகும், அதுவரை அழுதுகொண்டிருப்பீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும், வலி தொடங்கும் முன்பே போடுங்கள். பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில் நாளுக்கு நான்கு வரை, ஈரல் கோளாறு இல்லாத பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது. ‘வலி மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்’ என்ற பயத்தில் பலர் இதைக்கூடத் தொடுவதில்லை. அந்தப் பயம் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைக்குப் பொருந்தும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் அவற்றைத் தாமாக வாங்கக் கூடாது. அந்த வகையில் பல மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்தே வருகிறது. டாக்டர் அப்படி ஒன்றை எழுதியிருந்தால், அதற்கு மேல் தனியாகப் பாராசிட்டமால் சேர்க்காதீர்கள்.

மருந்துக்கடையில் ‘கால் வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டால், மூன்று நான்கு நிற மாத்திரைகளைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதை வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று ஒளிந்திருக்கும். அன்றிரவு வலி மாயமாய்ப் போகும். சர்க்கரை ஏறும், புண் ஆறுவது தள்ளிப்போகும், கிருமி உள்ளே புகுந்தால் காய்ச்சல்கூட வெளியே தெரியாது. பெயர் அச்சிட்ட அட்டையில் இல்லாத மாத்திரை எதுவும் உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது.

நாத்தனார் அன்பினால்தான் சொல்கிறார். ஆனாலும் கூடாது. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் தசையே கிடையாது. தோல், அதற்கடியில் உடனே பிளேட். உங்கள் தையல் ஆறியதுபோல் மேலே தெரிந்தாலும் அந்த மெல்லிய தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு டெம்போ ஓட்டுநர் நான்காவது வாரத்தில் மாவுக்கட்டை வெட்டி எறிந்துவிட்டு, எண்ணெய் நீவி, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டார். பத்து நாள் கழித்து என்னிடம் வந்தபோது துணியைப் பிரிக்கப் பிரிக்க நாற்றம். தையல் தடத்தின் ஓரம் கறுத்து, பிளந்த இடத்தில் பிளேட்டின் விளிம்பு பளபளவென்று தெரிந்தது. மூன்று தடவை ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். உள்ளே உலோகம் இருக்கும் காலை யாரும் நீவக் கூடாது.

கரண்ட் சிகிச்சை, பவுடர் என்று விற்க வரும் ஆளிடமும் எச்சரிக்கை. வார்டிலேயே உங்கள் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம் அழைப்பார். ‘முப்பது நாள் கரண்ட் வைத்தால் எலும்பு சீக்கிரம் கூடும்’, ‘இந்தக் கால்சியம் பவுடர் டப்பா கம்பெனி விலைக்குத் தருகிறேன்’ என்பார். மாவுக்கட்டுக்குள் இருக்கும் எலும்புக்கு அவர் கொண்டுவரும் கரண்ட் எதுவும் செய்யாது. கட்டு பிரித்த பிறகு உங்களுக்கு வேண்டியது, விறைத்த மூட்டை அசைக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயர் கொடுங்கள், ஒரு தடவை சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். டிஸ்சார்ஜ் அன்றே மருத்துவமனை இதைச் செய்து கொடுத்திருக்கவேண்டும்.

சர்க்கரை நோய் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்று நினைத்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் நான் இதுவரை சொன்னது சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அப்படியே பொருந்தாது. பல ஆண்டு சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கியவருக்கு வலி என்கிற காவல்காரனே இல்லை. ‘வலிக்கவில்லை, அதனால் நடந்தேன்’ என்று ஒரு பெரியவர் ஐந்தாவது வாரத்தில் தன் காலால் நடந்தே என் அறைக்குள் வந்தார். எக்ஸ்ரேயில் ஸ்குரூ இரண்டாக முறிந்து, பாதம் வெளிப்பக்கம் சரிந்திருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆறு வாரம் என்பது பெரும்பாலும் இரட்டிப்பாகும். நல்ல காலில் சோதித்துப் பார்க்கலாம்: கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவரை விட்டுக் கட்டைவிரல் நுனியைப் பஞ்சால் தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியவில்லையென்றால் நாள் தவறாமல் விரலிடுக்கு, கட்டின் விளிம்பு, மற்றக் காலின் உள்ளங்கால் எல்லாவற்றையும் வேறொருவர் கண்ணால் பார்க்கவேண்டும். ஐஸ் ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் இரண்டும் வேண்டாம்.

யாராக இருந்தாலும் இதற்கெல்லாம் விடியும்வரை காத்திருக்கக் கூடாது: காலைத் தூக்கி வைத்தும் நிறம் திரும்பாத, மரத்துப்போன விரல்கள், மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, கெண்டைக்காலோ தொடையோ திடீரென்று கல்போல் இறுகி வீங்குவது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள். காய்ச்சலோடு கட்டுக்குள்ளிருந்து நாற்றமோ ஈரமோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். பருப்பும் முட்டையும் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று நம் வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். புண் ஆறுவதற்குத் தேவையானதே அவைதான். பிரண்டைத் துவையல் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். கழிப்பறைக்குக் கமோட் நாற்காலி வாங்குங்கள். குந்தி உட்கார்ந்து எழும்போது உங்களை அறியாமல் காலை ஊன்றிவிடுவீர்கள். ஒரு வருடத்தில் பிளேட்டை எடுத்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உறுத்தாத பிளேட் அங்கேயே இருக்கலாம்.

மெஷின். இப்போதைக்குக் கட்டிலில் கால் நீட்டியபடி காஜா, பட்டன், ஹெம்மிங் என்று கைவேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வார எக்ஸ்ரேயில் எலும்பு கூடுவது தெரிந்து, டாக்டர் கட்டை எடுத்து அசைக்கச் சொன்ன பிறகு, எட்டிலிருந்து பத்தாவது வாரத்துக்குள் மிதிக்கத் தொடங்கலாம். உட்கார்ந்து மிதிப்பதால் எடை அதிகம் இறங்காது. விறைத்த கணுக்காலுக்கு நல்ல பயிற்சியும்கூட. இடது கால் மிதிக்கட்டும், வலது கால் கூடவே போகட்டும். முதல் வாரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். மாலையில் வீங்குவது ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். அந்த வீக்கம் மறுநாள் காலையில் வடியாமல் நின்றால் முந்தின நாள் மிதித்தது அதிகம், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.