பட்டாம்பூச்சி வரும் உண்ணிச்செடியை வெட்டலாமா?

"வேலியோரம் ஏழெட்டு வருடமாக உண்ணிச்செடி நிற்கிறது. தண்ணீரே கேட்காது, வருடம் முழுக்கப் பூ, எந்நேரமும் பட்டாம்பூச்சி. ஆக்கிரமிப்புத் தாவரம், வெட்டி எறி என்கிறார் நண்பர். வெட்டினால் பட்டாம்பூச்சிகள் போய்விடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நண்பர் சொல்வது சரி. ஆனால் நாளைக்கே அரிவாளைத் தூக்க வேண்டாம்.

முதலில் பட்டாம்பூச்சி விஷயம். உங்கள் வேலிக்கு வருபவை தேன் குடிக்க வருகின்றன. அவை பிறந்தது வேறெங்கோ. பட்டாம்பூச்சி கண்ட செடியில் முட்டையிடாது. அதன் புழுக்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட சில செடிகளின் இலைகளை மட்டுமே தின்னும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு எருக்கும் அதன் உறவுச் செடிகளும் வேண்டும். தேன் எத்தனை குடம் இருந்தாலும் அந்த இலை இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. உண்ணிச்செடியின் இலையைப் புரட்டிப் பாருங்கள், பெரிதாகக் கடிபட்டிருக்காது. தோட்டக்காரருக்கு அது சந்தோஷம். குஞ்சுக்குப் புழு தேடும் பறவைக்கோ அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்து, உங்கள் செடி உங்கள் வேலியோடு நிற்பதில்லை. அந்தக் கருநிறப் பழங்களைப் பறவைகள் தின்றுவிட்டு எங்கெங்கோ எச்சமிடுகின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியான இதை அழகுக்காக ஐரோப்பியர்கள் கொண்டுபோய், கலப்பு ரகங்களாக்கி, உலகமெல்லாம் நட்டார்கள். இன்று உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. காட்டுக்குள் புகுந்துவிட்டால் புதராக மண்டி, கீழே முளைக்கும் கன்றுகளுக்கு வெயில் விடாது. வேரும் உதிர்ந்த இலையும் வெளியிடும் வேதிப்பொருள்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும். புல் போய்விடும். பசிக்கு இதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், வெயிலில் தோல் வெந்ததுபோல் ஆகும். இதைத் தின்னும் பூச்சிகளை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து ஹவாயில் விட்டது 1902இல். அதன்பின் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பூச்சிகளை விட்டுப் பார்த்தும் பெரும்பாலான இடங்களில் உண்ணிச்செடி அசரவில்லை. கலப்பு ரகங்கள் ஏராளம் என்பதால் ஒன்றைத் தின்னும் பூச்சி பல நேரம் இன்னொன்றைத் தொடுவதில்லை.

சரி, எப்படி எடுப்பது? மேலே மட்டும் வெட்டினால் அடியிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய வழிதான் எனக்குத் தெரிந்ததில் எளியது. தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்துதான் துளிர் வருகிறது. எனவே மண்ணைக் கொஞ்சம் விலக்கி, அந்த இடத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கி வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அப்படியே காய்ந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தண்டில் சிறுமுள் உண்டு. பழம் பழுக்கும் முன் செய்வது நல்லது. பழுத்திருந்தால் முதலில் அவற்றைப் பறித்துப் பையில் கட்டிவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெட்டிய தழையை ஆடுமாட்டுக்கும் போடாதீர்கள். அப்புறம் மழைக்குப் பின் கன்றுகள் முளைக்கும். ஈர மண்ணில் கையாலேயே வந்துவிடும். ஓரிரு வருடம் இந்த வேலை தொடரும்.

மொத்த வேலியையும் ஒரே நாளில் மொட்டையாக்க வேண்டாம். உள்ளே கூடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உடனே நாட்டுச் செடிகளை நடுங்கள். வெறும் மண்ணாக விட்டால் அடுத்த களை வந்து உட்காரும். அவை வளர்ந்து பூத்தபின் மறுபாதி. எதை நடுவது என்பதற்கு உங்கள் பகுதியில் மனிதர் நடாமல் தானாக வளரும் நாட்டுப் புதர்களைக் கவனியுங்கள். தேனுக்கு இரண்டு வகை, புழுவுக்கு இரண்டு வகை என்று கலந்து வையுங்கள்.

வெளிநாட்டுச் செடி எல்லாமே கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் கை படாமல் வேலி தாண்டி முளைக்கிறதா என்பதுதான் நான் பார்க்கும் சோதனை. "விதை விடாத ரகம்" என்று உண்ணிச்செடியையே விற்பதும் உண்டு. அதிலும் காய் பிடிக்கிறதா என்று பாருங்கள். காய் பிடிக்காவிட்டாலும் சில ரகங்களின் மகரந்தம் பக்கத்துச் செடியோடு கலக்கும். ஃபுளோரிடாவின் சொந்த உண்ணிச்செடி வகை ஒன்று இப்படி வந்தேறியோடு கலந்து கலந்தே அருகிவிட்டது.

முதல் வருடம் பட்டாம்பூச்சி குறையலாம். மறுவருடம் புதுச் செடிகளின் இலையில் ஓட்டை விழுந்திருந்தால் மருந்தடித்துவிடாதீர்கள்.